சிறைக்கோட்டமும் செய்குன்றும்: தெகிவளை மிருகக்காட்சிச்சாலை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

தோற்றுவாய்

மணிமேகலைக் காப்பியத்துள் ‘சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதை’ என்பது ஒன்று. சோழ மன்னன் மாவண்கிள்ளி தன் தேவியோடு அரண்மனைப் பூங்காவில் உலாவி மகிழ்ந்த செய்தி அதன்கண் விரித்துக் கூறப்படுகின்றது. அப்பூங்காவில் எந்திரக் கிணறு உண்டு. கல்லிட்டு ஆக்கிய செய்குன்று உண்டு. ஆடும் மயில் உண்டு. மகளிர்க்கென இட்ட ஊசலில் இருந்த மந்தியைக் கடுவன் ஆட்டக் கண்டு மன்னன் நகைக்கின்றான். உலா முடிந்து மண்டபத்தில் வீற்றிருக்கும் அதே மன்னனிடம் மணிமேகலை வருகின்றாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என வேண்டுகின்றாள். மன்னனும் அதற்கு இசைகின்றான். இன்பப் பூங்காவும் சிறைக்கூடமும் ஒரே காதையில் அடுத்தடுத்து வைக்கப்பட்டமை புலவர் கருதிச் செய்ததோ அன்றோ என்பது இலக்கிய ஆய்வாளர்க்குரிய வினா. வரலாறு பயில்வோர்க்கு அது வேறொரு வினாவை எழுப்புகின்றது. மகிழ்விக்கும் காட்சிக்கும் அடைத்து வைக்கும் சுவருக்கும் இடையேயுள்ள உறவு யாது?

இவ்வினாவை விடை தேடி நெடுந்தூரம் கொண்டுசெல்ல வேண்டியதில்லை. 1890 முதல் 1895 வரை இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் ஆதர் ஹெவ்லொக்கின் பெயரைத் தாங்கிய ஹெவ்லொக் டவுனிலிருந்து தெற்கு நோக்கிச் சென்று, பாமன்கடையைத் தாண்டிக் கால்வாயைக் கடந்தால் தெகிவளை. அங்கே, இருபதுக்குச் சற்று மேற்பட்ட ஏக்கர் நிலத்தில், மேடும் பள்ளமும் மரநிழலுமாக அமைந்துள்ளது தேசிய மிருகக்காட்சிச்சாலை. ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் வளர்ந்த குழந்தைகளுள் ஒருமுறையேனும் அங்கு அழைத்துச் செல்லப்படாதவர் அரியர். சோற்றுப் பொதியும் தண்ணீர்ப் போத்தலுமாக, பாட்டி முதல் கைக்குழந்தை வரை ஒரு குடும்பம் முழுவதும் ஒன்றாகச் சென்று ஒரு பகற்பொழுதைக் கழிக்கக்கூடிய இடங்கள் கொழும்பில் மிகச் சில. ஒன்று காலிமுகத் திடல், மற்றொன்று விகாரமகாதேவிப் பூங்கா, மூன்றாவது இது.

இக்காலத்தில் உலகெங்கும் பெருகிவரும் கேளிக்கைப் பூங்காக்கள், நிலத்தைப் பல பகுதிகளாக வகுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு கருப்பொருளை அளித்து, இடையிடையே நேரம் குறித்துக் காட்சிகளை நடத்துவன. இம்முறையின் வேர்களுள் ஒன்று விலங்குக் காட்சிச்சாலைகளின் வரலாற்றிலே உள்ளது என்பதும், அவ்வரலாற்றின் ஒரு கிளை தெகிவளையிலே முளைத்து மீண்டும் உலகுக்குச் சென்றது என்பதும் நம்மிற் பலர் அறியாதவை. அதனை எடுத்துரைத்தலும், அதனால் நமக்கு எழும் பொறுப்பினைச் சிந்தித்தலுமே இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

மீன் வணிகரின் தொட்டி

ஜேர்மனியின் துறைமுக நகரமாகிய ஹம்பேர்க்கில் மீன் வணிகர் ஒருவர் இருந்தார். 1848 இல் அவருக்காக மீன்பிடித்தோர் தம் வலையில் அகப்பட்ட கடல்நாய்கள் சிலவற்றைக் கொண்டுவந்து ஒப்படைத்தனர். அவர் அவற்றை மரத் தொட்டியில் இட்டுச் சிறு கட்டணம் பெற்று மக்களுக்குக் காட்டினார். மீன் விற்பதிலும் உயிருள்ள விலங்கினைக் காட்டுவதில் வருவாய் உண்டு என்பது அன்று தெளிவாயிற்று. அவர் மகன் கார்ல் ஹாகன்பெக் (1844–1913) இத்தொழிலை உலகளாவிய வணிகமாக வளர்த்தார். ஐரோப்பிய வல்லரசுகள் ஆசிய, ஆபிரிக்க நாடுகளைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்ட காலம் அது. நீராவிக் கப்பலும் சுயஸ் கால்வாயும் தூரத்தைச் சுருக்கிவிட்டன. யானையும் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் பண்டங்களைப் போல் ஏற்றப்பட்டு ஹம்பேர்க்கை அடைந்தன. அங்கிருந்து அவை அரசர்களின் தோட்டங்களுக்கும் நகரக் காட்சிச்சாலைகளுக்கும் சர்க்கஸ் கூடாரங்களுக்கும் விற்கப்பட்டன.

விலங்கு வாணிகம் தளர்ந்தபோது ஹாகன்பெக் வேறொரு வழியைக் கண்டார். 1870 களின் நடுப்பகுதியில் லாப்லாந்து மக்கள் சிலரை அவர்தம் கலைமான்களோடும் கூடாரங்களோடும் வரவழைத்துக் காட்சிக்கு வைத்தார். கூட்டம் அலைமோதியது. அடுத்து நூபியர் வந்தனர். அவர்களை அடுத்து வடதுருவத்து இனூயிட் மக்கள். இவ்வரிசையில் இலங்கைக்கும் இடம் கிடைத்தது. 1883 இல் பாரிஸ் நகரின் பூங்கா ஒன்றில் இலங்கையர் காட்டப்பட்டனர். 1884 இல் தாம் நடத்திய பெரும் இலங்கைக் காட்சியிலே 67 மனிதரும் 25 யானைகளும் பங்கு கொண்டதாக ஹாகன்பெக்கே தம் நினைவு நூலிற் குறிப்பிடுகின்றார். மேளகாரர், நடனகாரர், பாம்பாட்டிகள், யானைப் பாகர், பெண்கள், குழந்தைகள் ஆகியோரைக் கொண்டு ‘கிராமம்’ ஒன்று அமைக்கப்பட்டது. ஞாயிறுதோறும் ஐரோப்பியக் குடும்பங்கள் தம் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கிராமத்தைப் பார்க்க வந்தன. ‘மலபாரிகள்’ என்ற பெயரிலும் தென்னிந்தியக் குழுக்கள் காட்டப்பட்டன. ‘மலபார்’ என்பது தமிழரையும் குறிக்க ஐரோப்பியர் நெடுங்காலம் வழங்கிய பெயர் என்பது ஈண்டு நினைவுகொள்ளத் தக்கது.

இக்காட்சிகளுக்கு வந்தோர் கொடியவர் அல்லர். உழைத்துக் களைத்த வாரத்தின் முடிவில், பிள்ளைகளுக்கு உலகத்தைக் காட்ட விழைந்த பெற்றோர் அவர்கள். ஆயின் வேலியின் மறுபுறத்தே நிகழ்ந்தது என்ன? 1880 இல் லப்ரடோரிலிருந்து அழைத்துச் செல்லப்பட்ட இனூயிட் மக்கள் எண்மர் பெரியம்மை நோயால் 1881 சனவரிக்குள் ஒருவர் பின் ஒருவராக மாண்டனர். அவர்களுக்கு உரிய காலத்தில் அம்மைப்பால் குத்தப்படவில்லை. அவர்களுள் ஆபிரகாம் உல்ரிக்காப் என்பவர் எழுத்தறிவுடையவர். தம் தாய்மொழியில் நாட்குறிப்பும் எழுதியவர். ஓயாத கூட்டமும் இரைச்சலும், தாயகம் திரும்பும் ஏக்கமும் அதிற் பதிவாகியுள்ளன. பார்க்கப்பட்டவர் பார்த்தவரைப் பற்றி எழுதிய அரிய ஆவணம் அது. இலங்கையிலிருந்து சென்றோரைப் பற்றி ஹாகன்பெக்கின் நூல் தருவது 67 என்னும் எண்ணையே. எண் கணக்குக்கு உதவும், ஆளைக் காட்டாது.

மறைந்த அகழி

கார்ல் ஹாகன்பெக்கின் பெயர் வரலாற்றில் நிலைபெற்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. விலங்கைக் கம்பிக்குப் பின்னே காட்டுவதைக் காட்டிலும், அதன் இயற்கைச் சூழல் போன்ற தோற்றத்தின் நடுவே காட்டினால் காண்போர் மகிழ்ச்சி மிகும் என அவர் எண்ணினார். சிங்கமும் புலியும் எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம் பாயவல்லன என்பதைச் சோதித்தறிந்தார். அவ்வளவினும் அகன்ற அகழிகளைத் தோண்டி, பார்வையாளர் கண்ணுக்கு அவை புலப்படாதவாறு செடிகளாலும் பாறைகளாலும் மறைத்தார். முன்னே நீர்ப்பறவைகள் நீந்தும் குளம், அதன் பின்னே புல்மேயும் விலங்குகள், அவற்றின் பின்னே சிங்கம், யாவற்றுக்கும் பின்னே செய்குன்றில் ஏறி நிற்கும் மலையாடுகள். இவையனைத்தும் ஒரே நிலத்தில் உலாவுவன போலத் தோன்றும். இவ்வமைப்புக்கு 1896 இல் அவர் காப்புரிமை பெற்றார். 1907 மே மாதம் ஹம்பேர்க்கை அடுத்த ஸ்டெல்லிங்கனில் இம்முறையில் அமைந்த அவரது விலங்குப் பூங்கா திறக்கப்பட்டது.

இதன் முக்கியத்துவம் யாதெனில், அடைப்பு நீங்கவில்லை. அடைப்பு மறைக்கப்பட்டது என்பதே. விலங்கினைப் பொறுத்தவரை இது முன்னேற்றம் என்பதை மறுத்தல் நேர்மையாகாது. இரும்புக் கம்பியின் பின்னே நான்கடி நடந்து திரும்பிய சிங்கத்துக்கு மண்ணும் வெயிலும் கிடைத்தன. பழக்கும் முறையிலும் ஹாகன்பெக் சாட்டைக்கும் சூட்டுக்கோலுக்கும் மாறாக, பொறுமையாலும் உணவாலும் பழக்கும் வழியை வற்புறுத்தினார். ஆயினும் பார்வையாளரைப் பொறுத்தவரை நேர்ந்த மாற்றம் வேறு. கூண்டைக் கண்டவர் மனத்தில் ‘இஃது அடைபட்டுள்ளது’ என்ற எண்ணம் எழாமற் போகாது. அகழி கண்ணுக்கு மறைந்தபோது அவ்வெண்ணமும் உடன் மறைந்தது.

மறைத்தல் என்னும் இக்கலையே பிற்காலக் கேளிக்கைப் பூங்காவின் அடித்தளமாயிற்று. 1893 ஆம் ஆண்டின் சிகாக்கோ உலகக் கண்காட்சி இவ்வளர்ச்சியில் ஒரு திருப்புமுனை. அங்கே புகழ்பெற்ற பெருஞ்சுழல் இராட்டினம் முதன்முதலாகச் சுழன்றது. ஹாகன்பெக்கின் விலங்கரங்கும் அங்கு இருந்தது. அதே கண்காட்சியில் இலங்கைத் தேயிலையை உலகுக்கு அறிமுகஞ் செய்யும் இலங்கை மண்டபமும் இருந்தது. 1955 யூலையில் கலிபோர்ணியாவில் டிஸ்னிலாந்து திறக்கப்பட்டபோது நிலம் பல ‘நாடுகளாக’ வகுக்கப்பட்டது. வெளியுலகம் கண்ணிற் படாதிருக்கச் சுற்றிலும் மண்மேடு எழுப்பப்பட்டது. அங்குள்ள காட்டாற்றுப் படகுப் பயணத்துக்கு உயிருள்ள விலங்குகளையே முதலில் எண்ணினர். வேண்டிய நேரத்தில் வேண்டிய இடத்தில் அவை தோன்றமாட்டா என்பதால் பொறி விலங்குகள் வைக்கப்பட்டன. உலகின் பல்வேறு மக்களைக் காட்டுதற்கோ பாடும் பொம்மைகள் போதுமாயின. 1964 ஆம் ஆண்டின் நியூயோர்க் கண்காட்சிக்கென ஆக்கப்பட்டுப் பின்னர் டிஸ்னிலாந்துக்குக் கொண்டுவரப்பட்ட அக்காட்சி, ஒருவகையில் ஹாகன்பெக்கின் ‘கிராமங்களுக்கு’ வரலாறு அளித்த மாற்றீடு எனலாம். பொம்மைக்கு நோய் வாராது, ஏக்கமும் இல்லை. அவ்வளவில் அது நற்பேறே.

கொழும்பில் ஓர் ஹாகன்பெக்

கார்லின் மாற்றாந்தாய்வழித் தம்பியாகிய ஜோன் ஹாகன்பெக் (1866–1940) 1880 களிலேயே இலங்கைக்கு வந்து சேர்ந்தவர். விலங்கு வாணிகமும் தோட்டச் செய்கையும் அவர் தொழில்கள். குடும்ப நிறுவனத்துக்கு வேண்டிய யானைகளும் காட்சிக்குரிய மனிதரும் கடல்கடந்து செல்லக் கொழும்பு ஒரு வாயிலாயிற்று. 1914 இல் முதல் உலகப்போர் மூண்டதும், பகைநாட்டவர் என்ற காரணத்தால் அவர் தம் உடைமைகளை இழந்து தீவை விட்டு நீங்க நேர்ந்தது. போருக்குப் பின்னர் மீண்டுவந்த அவர், 1920 களின் இறுதியில் தெகிவளையில் விலங்குகளைத் திரட்டிக் காட்சிச்சாலை ஒன்றைத் தொடங்கினார். ஏற்றுமதிக்கெனப் பிடித்த விலங்குகள் கப்பலேறும்வரை தங்கும் இடமாகவும் அது பயன்பட்டது. அதனை நடத்திய கம்பனி நெடுநாள் நிலைக்கவில்லை. 1936 இல் அது கலைக்கப்பட்டபோது, அரசாங்கம் காட்சிச்சாலையைப் பொறுப்பேற்றது.

தனியார் வாணிகம் பொதுச் சொத்தாக மாறிய இந்நிகழ்ச்சி, நமது சமூக வரலாற்றில் உரிய கவனத்தைப் பெறவில்லை. குடியேற்றக் காலக் கொழும்பின் பொழுதுபோக்கு இடங்களுட் பல, கழகங்களாகவும் குதிரைப்பந்தயத் திடல்களாகவும், நிறத்தாலும் செல்வத்தாலும் வேலியிடப்பட்டவை. அரசின் மிருகக்காட்சிச்சாலையோ நுழைவுச்சீட்டு ஒன்றைத் தவிர வேறு தகுதி எதனையும் கேட்கவில்லை. எழுதுவினைஞரின் குடும்பமும், ஆலைத் தொழிலாளியின் குடும்பமும், வெளியூரிலிருந்து பேருந்தில் வந்திறங்கிய பாடசாலைப் பிள்ளைகளும் ஒரே வரிசையில் நின்றனர். சிங்களமும் தமிழும் ஒருங்கே ஒலிக்க, ஒரே குரங்கைப் பார்த்து எல்லாரும் சிரித்தனர். இச்சிரிப்பு சிறிய செய்தியன்று. இந்நாட்டில் நூறு மேடைப்பேச்சுக்கள் செய்யத் தவறியதை அது ஒரு பிற்பகலளவிலேனும் செய்தது.

காட்சிச்சாலையைத் தோற்றுவித்தவரின் முடிவு எண்ணத்தக்கது. இரண்டாம் உலகப்போர் மூண்டபோது ஜோன் ஹாகன்பெக் மீண்டும் பகைநாட்டவரானார். தடுப்புக்காவலில் இருந்த நிலையில், 1940 இல் கொழும்பிலேயே காலமானார்.

மாலை ஐந்தேகால் மணி

தெகிவளைக் காட்சிச்சாலைக்குப் பெருமை தேடித் தந்தது அதன் யானைக் காட்சி. பல பதிற்றாண்டுகளாக நாள்தோறும் மாலை ஐந்தேகால் மணிக்கு அது நடைபெற்றது. ஒன்றன் வாலை மற்றொன்று துதிக்கையாற் பற்றியவாறு யானைகள் வரிசையாக அரங்கினுள் வரும். இசைக்கேற்பக் காலெடுத்து ஆடும். பின்னங்கால்களில் எழுந்து நிற்கும். பாகனின் சொற்படி பல வித்தைகளைச் செய்யும். அந்நேரம் நெருங்கியதும், பறவைக் கூடுகளின் முன்னும் மீன்காட்சிக் கூடத்தின் உள்ளும் நின்ற கூட்டமெல்லாம் அரங்கை நோக்கி ஓடும். சிறுவரைத் தோளில் ஏற்றிய தந்தையர் பின்னே நிற்க, பாட்டிமார் முன்வரிசையில் அமர்ந்திருப்பர். அக்காட்சியைக் கண்டு வளர்ந்த தலைமுறைகள், ‘தெகிவளை’ என்றதும் அதனையே நினைவுகூர்வர்.

பிற்காலத்தில் அக்காட்சி பற்றி வினாக்கள் எழுந்தன. காட்டிலே யானை இரு காலில் நின்று ஆடுவதில்லை. அதனை அவ்வாறு நிற்கச் செய்தது எது? அங்குசமா, அன்பா, பசியா? காட்சி முடிந்து நாம் வீடு திரும்பிய பின்னர் அதன் காலிற் கிடந்தது என்ன? சங்கிலி பற்றிய இவ்வினாவை உயிரினப் பற்றாளரும் செய்தித்தாள்களும் ஓங்கி ஒலிக்கத் தொடங்கின. பாகரின் நிலையும் இங்கு எண்ணத்தக்கது. கைதட்டல் யானைக்குப் போயிற்று; கண்டனம் பாகனுக்கு வந்தது. காட்சியை வகுத்த நிருவாகமும் கண்டு மகிழ்ந்த நாமும் இரண்டுக்கும் அப்பால் நின்றோம்.

இது விலங்குக் காட்சிக்கு மட்டும் உரியதன்று. சென்னை இஞ்சம்பாக்கத்துக் கேளிக்கைப் பூங்கா ஒன்றின் வாயிலில், சிலைபோல் அசையாது நிற்கும் காவலர் காட்சி நெடுங்காலமாகப் புகழ்பெற்றது. அவரைச் சிரிக்க வைக்கக் குழந்தைகளும் பெரியோரும் எத்தனையோ சேட்டைகள் செய்வர். அசையாமல் நிற்பதே ஒருவரின் தொழிலாக, அசைக்க முயல்வதே மற்றவரின் விளையாட்டாக அமைகின்றது. காண்போர் மகிழ்ச்சிக்குக் கீழே ஒருவரின் உழைப்பு எப்போதும் உண்டு என்பதையும், நன்றாக அமைந்த காட்சி அவ்வுழைப்பை மறைத்துவிடும் என்பதையும் அவ்வாயில் நமக்கு உணர்த்துகின்றது.

தெகிவளையிலிருந்து சிங்கப்பூருக்கு

இவ்வரலாற்றில் இலங்கையர் பெருமையோடு குறிப்பிடக்கூடிய அத்தியாயம் ஒன்றும் உண்டு. தெகிவளைக் காட்சிச்சாலையின் பணிப்பாளராக விளங்கிய லின் டி அல்விஸ், 1970 அளவில் சிங்கப்பூர் அரசினரால் சிறப்பு ஆலோசகராக அழைக்கப்பட்டார். நீர்த்தேக்கம் ஒன்றைச் சூழ்ந்த காட்டு நிலத்தில் புதிய காட்சிச்சாலை ஒன்றை அமைப்பது அந்நாட்டின் திட்டம். கூண்டுகளைத் தவிர்த்து, அகழி, நீர், தாவரம் ஆகியவற்றையே வரம்பாகக் கொண்ட ‘திறந்த’ காட்சிச்சாலையை அவர் வகுத்தளித்தார். 1973 யூன் 27 இல் அது திறக்கப்பட்டது. பின்னர், பெரும்பாலான காட்டு விலங்குகள் இரவிலேயே இயங்குவன என்னும் உண்மையை அடிப்படையாகக் கொண்டு, நிலவொளி போன்ற மங்கிய ஒளியில் அவற்றைக் காணும் இராக்காலப் பூங்கா ஒன்றை அமைக்கும் எண்ணத்துக்கும் அவர் துணைநின்றார். 1994 இல் திறக்கப்பட்ட ‘நைட் சஃபாரி’ அவ்வகையில் உலகின் முதலாவது பூங்காவாகும். காடுகளையும் ஆறுகளையும் நாடுகளையும் தனித்தனிப் பகுதிகளாக வகுத்து, நேரம் குறித்துக் காட்சிகளை நடத்தும் அப்பூங்காக்களுக்கு இன்று இலங்கைத் தமிழ்க் குடும்பங்களும் சுற்றுலாச் சென்று வியந்து மீள்கின்றன. அவ்வியப்பின் மூலவரைவுகளுள் ஒன்று, ஹெவ்லொக் டவுனுக்கு அணித்தாகவே உருவான அறிவின் பயன் என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர்?

தமிழகத்திலும் இதற்கிணையான மாற்றம் நிகழ்ந்தது. 1855 இல் எட்வேர்ட் பல்ஃபோர் என்னும் மருத்துவர் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கிய விலங்குக்கூடம், பின்னர் நகரப் பூங்கா ஒன்றுக்கு மாறி, நெடுங்காலம் நெருக்கடியான கூண்டுகளோடு இயங்கியது. 1985 இல் அது வண்டலூருக்கு இடம்பெயர்ந்து, அறிஞர் அண்ணா உயிரியற் பூங்கா என்னும் பெயரில், அகழி சூழ்ந்த பரந்த திறந்தவெளிகளைப் பெற்றது.

இலங்கையில், தாயை இழந்த யானைக் கன்றுகளைக் காப்பதற்கென 1975 இல் பின்னவலை யானைகள் சரணாலயம் தோற்றுவிக்கப்பட்டது. 1978 இல் தேசிய மிருகக்காட்சிச்சாலைத் திணைக்களத்தின் பொறுப்பில் வந்தது. யானைகள் தெருவைக் கடந்து மகா ஓயாவுக்கு நீராடச் செல்வதே அங்குப் பெருங்காட்சியாயிற்று. நீராட்டம் யானையின் இயல்பு. எவரும் அதனைக் கற்பிக்க வேண்டியதில்லை. ஐந்தேகால் மணி அரங்குக்கும் ஆற்றங்கரைக்கும் உள்ள வேறுபாடு இதுவே. அம்பாந்தோட்டை மாவட்டத்து ரிதியகமவில் 2016 இல் திறக்கப்பட்ட சஃபாரிப் பூங்கா, பார்வையாளரை வண்டியில் அடைத்து விலங்கைத் திறந்த வெளியில் விட்டது. அடைபடுவோர் இடம் மாறினர்.

ஆடிவேலும் வாயிற்சீட்டும்

குடும்பப் பொழுதுபோக்கு என்பது மேலைநாட்டார் தந்ததன்று. புகார் நகரில் இருபத்தெட்டு நாள் நடந்த இந்திர விழா முதல், கொழும்பில் ஆண்டுதோறும் நடைபெற்ற ஆடிவேல் விழா வரை, அதற்கு நம்மிடையே நெடிய மரபுண்டு. செட்டியார் தெருக் கதிரேசன் கோயில்களிலிருந்து வேல் தாங்கிய தேர் புறப்பட்டு, காலி வீதி வழியே பம்பலப்பிட்டிக்கும் வெள்ளவத்தைக்கும் வரும் நாள்களில், வீதியின் இருமருங்கும் பெருஞ்சந்தையாக மாறும். கரும்பு, வளையல், விளையாட்டுப் பொருள், இனிப்பு ஆகியன விற்கும் கடைகள் நிரம்பும். தேரை இழுப்போரும் காண்போரும் ஒருவரே. அங்கு வாயிற்சீட்டு இல்லை. சைவரல்லாதாரும், தமிழரல்லாதாரும் பிள்ளைகளோடு திரண்டு வந்த விழா அது. காட்சிக்கும் காண்போருக்கும் இடையே அகழி தோண்டாத பொழுதுபோக்கு எனின், அது இத்தகைய விழாவே.

ஆயின் விழாவுக்கும் காட்சிச்சாலைக்கும் பொதுவாக வேண்டப்படுவது ஒன்றுண்டு. அச்சமின்றித் தெருவில் இறங்கி நடக்கும் உரிமையே அது. 1983 யூலைக் கலவரத்தில் வெள்ளவத்தையும் ஹெவ்லொக் டவுனும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளும் தீப்பற்றி எரிந்தன. அதன்பின் சில ஆண்டுகள் வேல் தேர் வீதிக்கு வரவில்லை. 1996 யூலை 24 இல் தெகிவளைப் புகையிரத நிலையத்தில் வெடித்த குண்டுகள், வேலை முடிந்து வீடு திரும்பிய அறுபதுக்கு மேற்பட்டோரின் உயிரைக் குடித்தன. 2008 பெப்ரவரி 3 இல் காட்சிச்சாலையின் உள்ளேயே குண்டு வெடித்துப் பார்வையாளர் காயமுற்றனர். 2019 ஏப்பிரல் 21, உயிர்த்த ஞாயிறன்று, காட்சிச்சாலைக்கு அண்மையிலிருந்த விடுதியொன்றில் நிகழ்ந்த குண்டுவெடிப்பில் இருவர் மாண்டனர்.

இந்நிகழ்ச்சிகளை இக்கட்டுரையில் எடுத்துரைப்பது பழம்புண்ணைக் கிளறுதற்கன்று. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு தாய் யானை பார்க்கச் செல்லுதல் எளிய செயலாகத் தோன்றும். ஆயினும் ஒரு நகரம் தன் குடிமக்களுக்கு அளிக்கக்கூடிய அமைதியின் நம்பகமான அளவுகோல் அதுவே. அடையாள அட்டையை மடியிற் கட்டிக்கொண்டு, எம்மொழியில் பிள்ளையை அழைப்பது என அஞ்சியவாறு வரிசையில் நின்ற குடும்பங்கள் இந்நகரில் இருந்தன. அவர்களும் ஒருவகை அகழியின் உள்ளே நின்றவரே. அவ்வகழியும் மற்றவர் கண்ணுக்குப் புலப்படவில்லை.

முடிவுரை

1985 இல் இலங்கையிலிருந்து பாகிஸ்தானுக்கு அன்பளிப்பாக அனுப்பப்பட்ட யானைக்கன்று ஒன்று, காவன் என்னும் பெயருடன் இஸ்லாமாபாத் காட்சிச்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தது. அவற்றுள் இறுதி ஆண்டுகளைத் துணையின்றித் தனிமையிற் கழித்தது. 2020 இல் அந்நகர உயர் நீதிமன்றம் விலங்குகளுக்கும் இயற்கையான உரிமைகள் உண்டு எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு நவம்பரில் காவன் கம்போடியாவின் சரணாலயத்துக்கு வானூர்தியில் அனுப்பப்பட்டது. 2001 இல் தாய்லாந்து நமக்கு அளித்த முத்துராஜா என்னும் யானை, நோயுற்ற நிலையில் 2022 இன் பிற்பகுதியில் தெகிவளைக்குக் கொண்டுவரப்பட்டது. அங்கே பராமரிக்கப்பட்டு, 2023 யூலையில் தன் தாய்நாட்டுக்குத் திரும்பிச் சென்றது. ஏற்றுமதி விலங்குகள் கப்பலுக்குக் காத்திருந்த அதே தெகிவளையில், துன்புற்ற ஒரு விலங்கு வீடு திரும்புதற்குக் காத்திருந்தது. ஒரு நூற்றாண்டுக்குள் நிகழ்ந்த மாற்றத்தை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேறில்லை.

ஆகவே, மிருகக்காட்சிச்சாலையையும் கேளிக்கைப் பூங்காவையும் முற்றாக வெறுத்தொதுக்குதல் நம் முடிபன்று. கம்பிக் கூண்டிலிருந்து அகழிக்கும், அகழியிலிருந்து ஆற்றங்கரைக்கும் வரலாறு நகர்ந்தமை, காண்போர் கேட்ட வினாக்களாலேயே இயன்றது. மனிதரை வேலியிட்டுக் காட்டும் வழக்கு ஒழிந்ததும் அவ்வாறே. இனி அமையும் பூங்காக்களின் வாயிலிலும் நாம் சில வினாக்களைக் கேட்டல் வேண்டும். இக்காட்சியில் எது மறைக்கப்பட்டுள்ளது? யாருடைய உழைப்பு, யாருடைய அடைப்பு? இவ்வாயிலில் எவர் அச்சமின்றி நுழையலாம். எவர் நுழைய இயலாது?

தெகிவளையில் குழந்தை கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ‘அது ஏன் வெளியே வரவில்லை?’ என்பதே. நாம் அதற்கு விடை கூறாது, ‘அங்கே பார், ஆடுகிறது’ என்று கைகாட்டி விடுகின்றோம். மாவண்கிள்ளியும் ஊசலாடிய மந்தியைக் கண்டு நகைத்தவனே. ஆயினும் அவன் மண்டபத்துக்கு மீண்டதும், தன்முன் வந்து நின்றவள் கேட்டதற்குச் செவி சாய்த்தான். சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று. நகைத்தல் குற்றமன்று, நகைத்த பின் கேளாதிருத்தலே குற்றம்.